ஓடிப்போன பிள்ளையின் கைக்காசு



வீட்டைவிட்டு ஓடிப்போன பிள்ளைகளைப் பற்றி ஒரு சிறு படம் எடுப்பதென்று இந்தச் சங்கத்து இளைஞர் சிலர் தீர்மானித்திருக்கிறார்கள் என்றும், பெரிய ஸ்தாபனம் எதன் ஆதரவையும் நாடாமல் தங்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததையும் நண்பர்களிடம் வாங்கிய கைமாற்றையும் கொண்டே அதை ஆரம்பிக்கப் போகிறார்கள் என்றும், கேமராவைத் தூக்குவதற்கு முன்னால் இந்த வழியில் முன்பு நடந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று யாராவது எடுத்துச் சொன்னால் உபயோகமாயிருக்கும் என்றும் செயலாளர் எனக்கு எழுதியிருந்தார். படம் எடுப்பது எனக்குத் தெரியாத வித்தை; பார்ப்பதில் மட்டும் நெடுநாளைய பழக்கம் உண்டு. ஆகவே, பார்வையாளன் என்ற ஹோதாவில் எனக்குப் பாத்தியமான அபிப்பிராயங்களைச் சொல்லிவிட்டு, மற்றதை விஷயம் தெரிந்தவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

ஓடிப்போன பிள்ளை நம் நாட்டில் அபூர்வமான பிராணி அல்ல. எந்தக் குடும்பத்தின் வமிசாவளியைக் கிளறினாலும், பரீட்சையில் தேறாமற்போய், அல்லது தகப்பனாரின் பிரம்புக்குப் பயந்து, அல்லது சிற்றன்னையின் சொல் பொறுக்காமல், இரவோடிரவாக ரயிலேறிப் பட்டணம் போனவர் ஒருவராவது அகப்படுவார். நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகக் கொட்டகை போட்ட காலத்தில், கம்பெனி முகாம் மாறும்போது உள்ளூர்ப் பையன் ஒருவனும் கூடவே மறைந்துபோவது உண்டென்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இப்படிப் போனவர் பல வருஷம் கழித்து மீசையும் கைக்கடிகாரமுமாகத் திரும்பி வந்தால், அவர் போன கதையையும் வந்த கதையையும் வீட்டார் ஆயுள் முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்; முதல் நாள் இரவு அவர் எங்கே படுத்தார், மறுநாள் காலையில் யார் வாங்கிக் கொடுத்த இட்லியைத் தின்றார், மடியிலிருந்த சில்லறை எத்தனை வேளைக்குக் காணும் என்று எப்படிக் கணக்குப் போட்டார் என்பதை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் கௌரவக் குறைச்சலாக ஏதாவது வெளிவந்துவிடுமோ என்ற பயம், கேட்கவேண்டியவர்களுக்கும் உண்டு, சொல்லவேண்டியவருக்கும் உண்டு. குடும்பம் கேளாமல் விட்டுவிடுகிற இந்த நடுப்பாகத்தைத்தான் திரைப்படம் எடுத்துக்கொள்ளவேண்டும் என்பதும், அந்த நடுப்பாகம் பெரும்பாலும் காசைப் பற்றியதாகவே இருக்கும் என்பதும் என் கட்சி.

இந்த விஷயம் ஒரு பெரிய ஸ்டூடியோவின் கையில் அகப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு, 1933-இல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட 'வைல்டு பாய்ஸ் ஆஃப் த ரோட்' என்ற படம் நல்ல திருஷ்டாந்தம். பொருளாதார மந்தம் அமெரிக்காவைப் பீடித்து, மீசை முளைக்காத பையன்கள் கூட்டங்கூட்டமாகச் சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு வேலை தேடி அலைந்த காலம் அது. வில்லியம் வெல்மன் டைரக்ட் செய்த அந்தப் படத்தில், தகப்பனாருக்கு வேலை போய்விட்டதைக் கண்ட பையன், வீட்டில் ஒரு வாய் குறைந்தால் அந்த மட்டிலும் அவர்களுக்குச் சௌகரியம் என்று எண்ணி, தன்னைப் போலவே கஷ்டப்படும் சிநேகிதனைக் கூட்டிக்கொண்டு புறப்படுகிறான். கோபத்தால் ஓடுகிற பிள்ளைகளைத் திரையில் எத்தனையோ பார்த்திருக்கிறோம். பிரியத்தால் ஓடுகிற பிள்ளைகளை நான் அதிகம் கண்டதில்லை. ரயில் சக்கரத்தில் ஒரு சிறுவன் காலை இழப்பதும், கழிவுநீர்க் குழாய்களுக்குள் பிள்ளைகள் தங்களுக்கென்று ஒரு குடியிருப்பை அமைத்துக்கொள்வதும், போலீஸார் தண்ணீரைப் பீய்ச்சி அவர்களை விரட்டுவதும் ஆகிய இவ்வளவையும் அஞ்சாமல் காட்டிய படம், கடைசிக் கட்டத்தில் கருணையே உருவான ஒரு நீதிபதியைக் கொண்டுவந்து உட்காரவைத்து, ரூஸ்வெல்ட் அரசாங்கத்துத் தொழில் மீட்புத் திட்டத்தின் நீலக் கழுகுச் சின்னத்தையும் அவருக்குப் பின்னால் மாட்டி, இனி எல்லாருக்கும் நல்ல காலம் என்று வாக்குக் கொடுத்து முடிந்துவிடுகிறது. டைரக்டர் மனத்தில் வைத்திருந்த முடிவு இதைவிடக் கடுமையானது, ஸ்டூடியோ இணங்கவில்லை. பெருந்தொகையை முடக்கியவர்கள் பையனுக்கு விடிவு வந்தாகவேண்டும் என்று நினைத்ததில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? படம் பார்த்தவர் நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தால்தானே அடுத்த வாரமும் கொட்டகைக்கு வருவார்!

இதற்கு இருபது வருஷத்துக்குப் பிறகு, 1953-இல், நியூயார்க்கில் மூன்று பேர் கூடி ஏறக்குறைய 30,000 டாலர் செலவில் ஒரு படத்தை முடித்தார்கள். மாரிஸ் எங்கெல், அவருடைய மனைவி ரூத் ஆர்கின், நண்பர் ரே ஆஷ்லி என்பவர்கள் அந்த மூவர். தம்பதிகள் இருவரும் பத்திரிகைகளுக்குப் புகைப்படம் எடுத்துப் பெயர் பெற்றவர்கள். 'லிட்டில் ஃபியூஜிட்டிவ்' என்பது படத்தின் பெயர். இன்று நீங்கள் ஒரே ஒரு படத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள் என்று சொல்வேன். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகவே பேச உத்தேசம்.

கதை மிகச் சிறியது. புரூக்ளினில் வசிக்கும் ஏழு வயதுப் பையன் ஜோயி. பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று தாயார் வெளியூர் போகிறாள். போகும்போது சாப்பாட்டுச் செலவுக்குக் கொஞ்சம் பணம் வைத்து, தம்பியைப் பார்த்துக்கொள்ளும்படி அண்ணன் லென்னியிடம் சொல்லிவிட்டுப் போகிறாள். விடுமுறை நாளில் தம்பியைக் கட்டிக்கொண்டு மாரடிக்க வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சலில், லென்னியும் அவன் சிநேகிதர்களும் ஒரு விஷமம் செய்கிறார்கள். ஜோயியின் கையில் கொடுத்த துப்பாக்கி வெடிக்கிறது, அண்ணன் மார்பில் தக்காளிக் குழம்பைப் பூசிக்கொண்டு சாய்ந்துவிடுகிறான். அண்ணனைக் கொன்றுவிட்டோம் என்று நம்பிய ஜோயி, தாயார் வைத்துவிட்டுப் போன பணத்தை எடுத்துக்கொண்டு ரயிலேறி, கோனி ஐலண்ட் என்ற கடற்கரைக் கேளிக்கைத் தலத்தில் போய் இறங்குகிறான்.

இந்த இடத்தில் சாமானியமான கதாசிரியன் என்ன செய்வான்? குழந்தையை அழவைப்பான், அண்ணனின் முகத்தைக் கனவில் காட்டுவான், பின்னணியில் பிடிலை இழுக்கச் சொல்வான். இந்தப் படத்திலோ ஜோயி ராட்டினம் ஏறுகிறான், வாங்கித் தின்னக்கூடியதையெல்லாம் வாங்கித் தின்கிறான், பந்தெறிந்து பார்க்கிறான். போலீஸ்காரரைக் கண்டபோது மட்டும் மெல்ல ஒதுங்கி மறைகிறான். ஏழு வயதில் கொலைப்பாவமும் குதிரைச் சவாரி ஆசையும் ஒரே நெஞ்சில் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் குடியிருக்கக் கூடும் என்பதை இந்தப் படம் காட்டியதைப் போல மனோதத்துவ நூல்கள்கூட எனக்குக் காட்டவில்லை. அப்படிச் சுற்றிக்கொண்டே வந்தவன், மட்டக் குதிரைகள் நிற்கும் இடத்துக்கு வருகிறான். அவன் உலகத்தில் அதைவிட மேலான வஸ்து இல்லை. ஆனால் அதற்குள் கைக்காசு தீர்ந்துவிட்டது.

காலி சோடாப் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் காசு தருவார்கள் என்ற ரகசியத்தை இன்னொரு சிறுவன் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறான். அதன் பிறகு படம் ஒரு பெரிய உத்தியோகத்தின் கதையாகிவிடுகிறது. மணலில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் படுத்திருக்கிறார்கள்; அவர்களுடைய கால்களுக்கும் துணிகளுக்கும் இடையே குனிந்து குனிந்து போய், குடித்து முடித்த பாட்டில் எது, இன்னும் இரண்டு வாய் மிச்சமிருக்கும் பாட்டில் எது என்று நிதானித்து, முத்தமிட்டுக்கொண்டிருக்கும் காதலர்கள் பக்கத்தில் கிடப்பதை எடுக்கலாமா கூடாதா என்று தயங்கி, இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, ஒன்று நழுவினால் மற்றதும் நழுவும் ஆபத்துடன் நடந்து, கடைக்காரர் முன்னால் பரப்பி வைத்துச் சில்லறையை வாங்கிக்கொண்டு நேரே குதிரையிடம் ஓடுகிறான். ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி மணலுக்கு. அந்தப் பையனின் தலை நம் தலைக்குக் கீழே எங்கோ போய்வந்துகொண்டிருக்க, பெரியவர்களுடைய முழங்கால்களையும் நாற்காலிகளின் அடிப்பாகத்தையும் பார்த்துக்கொண்டு நாமும் அவனோடு பாட்டில் பொறுக்குகிறோம். வசனம் அநேகமாக இல்லை. வாத்தியம் என்று பார்த்தால் எட்டி மேன்சன் வாசித்த மவுத்ஆர்கன் ஒன்றுதான் பிரதானம். அதுவும் அண்ணன் லென்னி ஆசையாக வைத்திருக்கும் வாத்தியமானபடியால், பையன் மறந்துவிட்டதை அது மறக்காமல் வைத்திருப்பதாகத் தோன்றும்.

இதை எடுத்த விதத்தையும் சொல்லவேண்டும். சார்லி வுட்ரஃப் என்ற நண்பர், தோளில் மாட்டிக்கொண்டு நடக்கும்படியான சிறிய 35 மில்லிமீட்டர் கேமரா ஒன்றை எங்கெலுக்கென்றே அமைத்துக் கொடுத்தார். முக்காலி இல்லை, விளக்கு இல்லை, ஒதுங்கிப் போகும்படி ஜனங்களை அதட்டும் ஆட்கள் இல்லை. கடற்கரையில் படுத்திருந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தாங்கள் ஒரு படத்தில் நடித்துக்கொண்டிருக்கிறோம் என்பதே தெரியாது. பேச்சையும் ஓசைகளையும் பிறகு தனியே பதிவு செய்து சேர்த்தார்கள். இந்த ஏற்பாடெல்லாம் கலைக் கொள்கையிலிருந்து பிறந்தவை என்று நினைத்துவிடாதீர்கள், காசில்லாமையிலிருந்து பிறந்தவை. ஜோயியைப் போலவே அவர்களும் இருப்பதைக் கொண்டு ஒப்பேற்றினார்கள். பெரிய ஸ்டூடியோ ஒரு கடற்கரையை உள்ளே கட்டி, துணை நடிகர்களுக்குத் தினக்கூலி கொடுத்து, ஒவ்வொரு பாட்டிலையும் அளந்து வைத்திருந்தால், அந்தப் பையன் தயங்குகிற தயக்கம் அங்கே பிறந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். இந்தச் சிறு படம் அந்த வருஷம் வெனிஸ் திரைப்பட விழாவில் வெள்ளிச் சிங்கப் பரிசு பெற்றது; கதைக்காக ஆஸ்கார் பரிசுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. ஃபிரெஞ்சுப் புதிய அலை என்ற திரைப்பட இயக்கத்துக்கு எங்கெல்தான் வழிகாட்டி என்று பிற்காலத்தில் அதன் டைரக்டர்களில் ஒருவரான ஃபிரான்ஸுவா த்ரூஃபோ மனம்விட்டு ஒப்புக்கொண்டார்.

ஜோயி கடைசியில் வீடு திரும்பத்தான் செய்கிறான். குதிரைக்காரர் இவன் தனியே திரிவதைக் கவனித்துவிடுகிறார். மிரட்டிக் கேட்டால் ஓடிவிடுவான் என்று தெரிந்தவர். ஆகவே அவனை வேலைக்கு வைத்துக்கொள்வதுபோல் பாவனை செய்து, வேலைக்காரனுடைய விலாசம் முதலாளிக்குத் தெரியவேண்டாமா என்று பெரிய மனிதனிடம் கேட்பதுபோல் கேட்கிறார். உத்தியோகம் கிடைத்த பெருமையில் பையன் விலாசத்தைச் சொல்லிவிடுகிறான். டெலிபோன் மணி அண்ணன் வீட்டில் ஒலிக்கிறது. ஒரு குழந்தையின் சுயமரியாதைக்குப் பங்கமில்லாமல் அவனை ஏமாற்றிய இந்த மனிதரைப் பக்கம் பக்கமாகப் புகழலாம். அப்புறம் தாயார் வந்து சேரும்போது, பிள்ளைகள் இருவரும் ஒன்றுமே நடவாததுபோல் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். சமர்த்தாக வீட்டோடு இருந்ததற்குப் பரிசாக, அவர்களைக் கோனி ஐலண்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்கிறாள் அந்த அம்மாள்! நம்முடைய குடும்பங்களுக்கு நடுப்பாகம் தெரியாது என்றேனே, அந்தக் குடும்பங்களின் வரிசையில் அவளும் சேர்ந்துவிடுகிறாள்.

த்ரூஃபோவின் பெயரைச் சொன்னபின் 'ஃபோர் ஹண்ட்ரட் புளோஸ்' படத்தைச் சொல்லாமல் நகர முடியாது. 1959-இல் கான் திரைப்பட விழாவில் அவருக்குச் சிறந்த டைரக்டருக்கான பரிசைக் கொடுத்த படம்; முந்திய வருஷம் அவர் பத்திரிகையில் எழுதிவந்த கடுமையான விமரிசனங்களுக்காக அதே விழா அவருக்கு அழைப்பு மறுத்திருந்தது என்பதும் ஒரு வேடிக்கை. இளமையில் தாமும் வீட்டுக்கு அடங்காத பிள்ளையாயிருந்து, வளர்த்த தகப்பனாராலேயே போலீஸில் ஒப்படைக்கப்பட்டுச் சீர்திருத்த விடுதியில் இருந்தவர் அவர். அவரைக் கைதூக்கிவிட்ட விமரிசகர் ஆந்த்ரே பஸான், 1958 நவம்பரில், இந்தப் படப்பிடிப்பு ஆரம்பித்த மறுநாளே காலமானார். படம் அவருக்கே சமர்ப்பணம். பணத்துக்கு வழி செய்தவர் திரைப்பட விநியோகஸ்தரான மாமனார். சொந்தப் படம் எடுக்கக் கிளம்புகிறவர்களுக்கு மாமனார் அமைவதும் ஒரு யோகந்தான்.

பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டதற்குக் காரணம் கேட்ட உபாத்தியாயரிடம் தாயார் இறந்துவிட்டாள் என்று புளுகி அகப்பட்டுக்கொண்ட கதாநாயகன் அந்துவான் துவானெல், அன்றிரவு வீட்டுக்குப் போகாமல் ஓர் அச்சுக்கூடத்தில் ஒளிந்து கிடக்கிறான். விடியற்காலையில், கடை வாசலில் இறக்கி வைத்திருக்கும் பால் பாட்டில்களில் ஒன்றைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். இருட்டிலும் குளிரிலும் தெருவோரத்தில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து, மூச்சு வாங்க வாங்க அந்தப் பாலைக் குடித்துத் தீர்ப்பதும், காலிப் பாட்டிலைச் சாக்கடைக்குள் போட்டுவிட்டு, நீரூற்றுத் தொட்டியில் உறைந்திருக்கும் பனியை உடைத்து இரண்டு விரலால் முகம் கழுவிக்கொள்வதும், அப்புறம் பள்ளிக்கூடத்துக்கே போவதுமாக அந்தக் காலை கழிகிறது. ஜோயிக்குக் காலிப் பாட்டில் காசு. இவனுக்குப் பாட்டில் நிறைய இருந்தால்தான் காசு. பிறகு ஒரு சமயம் தகப்பனாரின் ஆபீஸில் டைப்ரைட்டரைத் திருடி, விற்க வழி தெரியாமல், கொண்டுபோய்த் திருப்பி வைக்கும்போது காவற்காரரிடம் பிடிபடுகிறான். எடுக்கும்போது அகப்படாதவன் கொடுக்கும்போது அகப்படுவதுதான் உலக நியாயம் போலும்! இந்தப் படத்தின் கடைசிக் காட்சியைப் பற்றி எழுதாதவர் பாக்கியில்லை. ஆகையால் அதை விட்டுவிட்டு, சீர்திருத்த விடுதியில் ஒரு மனோதத்துவப் பெண்மணி அவனைக் கேள்வி கேட்கும் காட்சியைச் சொல்கிறேன். அந்தப் பெண்மணியின் முகத்தை நாம் பார்ப்பதில்லை. மேஜைக்கு எதிரே, அந்துவானாக நடித்த பதினான்கு வயது ழான்-பியர் லெயோ உட்கார்ந்திருக்கிறான். கேமரா அவனை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறது. படப்பிடிப்பின்போது கேள்விகளைக் கேட்டவர் த்ரூஃபோவே. பதிலை எழுதிக் கொடுக்காமல், பையன் தன் போக்கில் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். பெண் குரலைப் பின்னால் சேர்த்தார்கள். பாட்டியிடம் பணம் எடுத்ததையும், தாயார் தன்னைப் பெறாமலே இருக்க நினைத்ததையும் அவன் தோளைக் குலுக்கிக்கொண்டும், மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டும், ஒரு கேள்விக்கு வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டும் சொல்கிறான். பரிதாபத்தைக் கேட்டு வாங்கும் தொனி ஒரு சொல்லில்கூட இல்லை. உங்கள் படத்தில் ஒரு பிள்ளை தன் கதையைச் சொல்ல நேர்ந்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறக்குறைய அதே சமயத்தில், கடல்களுக்கு இந்தப் பக்கம் கல்கத்தாவில், ரித்விக் கட்டக் ஷிப்ராம் சக்ரவர்த்தியின் நாவலை வைத்து 'பாரி தேகே பாலியே' என்ற படத்தை எடுத்து முடித்திருந்தார் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் விஷயம். கண்டிப்பான தகப்பனாருக்குப் பயந்து காஞ்சன் என்ற கிராமத்துப் பையன் மகாநகரத்துக்கு ஓடிவருகிறான். அங்கே அவனுக்குக் கிடைக்கும் சிநேகிதர் ஹரிதாஸ், தெருத் தெருவாகத் தின்பண்டம் விற்பவர். முன்பு கிழக்கு வங்காளத்தில் உபாத்தியாயராயிருந்து, தேசப் பிரிவினையில் எல்லாவற்றையும் இழந்து வந்தவர். டாக்காவில் பிறந்த கட்டக்கின் நெஞ்சு எங்கே கிடக்கிறது என்று இதிலிருந்தே தெரியும். இஷ்டப்பட்டு வீட்டைவிட்டு வந்த பையனுக்கு, வீடே இல்லாமற்போன பெரியவர் தின்பண்டம் கொடுக்கிறார். பையன் ஓடியதற்கு விளையாட்டுத்தனமான ஒரு காரணமாவது உண்டு, பெரியவர் ஓடியதற்கு ராஜ்யங்கள் போட்ட கோடு காரணம். சலீல் சௌத்ரி சங்கீதம் அமைத்த இந்தப் படத்தில் சில இடங்கள் தளர்ந்து போயிருப்பதையும், பையனை வீடு சேர்க்கும் கடைசிப் பகுதி அவசரமாக நடப்பதையும் நான் மறைக்கவில்லை. ஆனாலும் ஓடிப்போன பிள்ளையைத் தனி மனிதனாக மட்டும் பாராமல், ஓடிவந்த ஒரு ஜனசமுதாயத்தின் நடுவே நிறுத்திப் பார்த்தவர் கட்டக்.

இனி 'சலாம் பாம்பே'. 1988-இல் மீரா நாயர் எடுத்தது. சூனி தாராபோர்வாலா திரைக்கதை எழுதியது. அந்த வருஷம் கான் விழாவில் முதற்படங்களுக்கான தங்கக் கேமரா பரிசு பெற்றது. நம் எல். சுப்பிரமணியத்தின் வயலின் இதில் ஒலிக்கிறது என்பதைத் தமிழ்ச் சபையில் சொல்லாமலிருப்பது நியாயமாகாது. அண்ணனின் மோட்டார் வண்டிக்குத் தீ வைத்துவிட்ட கிருஷ்ணா என்ற சிறுவனை, 500 ரூபாய் சம்பாதித்துக் கொண்டுவந்தால்தான் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கலாம் என்று சொல்லித் தாயார் சர்க்கஸில் விட்டுவிட்டுப் போகிறாள். சர்க்கஸ்காரர்கள் ஒரு நாள் இவனை ஏதோ வாங்கிவர அனுப்பிவிட்டுக் கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். மிச்சக் காசுக்குப் பம்பாய்க்கு டிக்கெட் வாங்குகிறான். தேநீர் சுமக்கும் பையனாகி, பெயரும் 'சாய்பாவ்' என்றாகி, அவன் எண்ணி எண்ணிச் சேர்க்கிற ரூபாயைப் போதைக்கு அடிமையான சிநேகிதன் எடுத்துவிடுகிறான். 500 ரூபாய் என்ற ஒற்றை எண்ணிலேயே இந்தப் படத்தின் முழு வியாகரணமும் அடங்கியிருக்கிறது. அதை ஒருநாளும் சேர்க்க முடியாது என்று நமக்கு முதல் கால் மணியிலேயே தெரிந்துவிடும். அவனுக்குத் தெரிவதற்குத்தான் படம் முழுவதும் வேண்டியிருக்கிறது.

அதில் ஒரு சிறு காட்சி. கூலிக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவரிடம் போய்ச் சாய்பாவ் தாயாருக்குக் கடிதம் சொல்கிறான். பின்னாளில் பெரும் புகழ் பெற்ற இர்ஃபான் கான் திரைப்படத்தில் முதன்முதல் தோன்றிய வேஷம் அது. பையன் சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார், விலாசம் கேட்கிறார். அம்மாவின் ஊர் எந்தத் தாலூகா, எந்த ஜில்லா என்பது அந்தப் பிள்ளைக்குச் சரியாகத் தெரியாது. கூலியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார். பையன் அப்பால் போனதும் கடிதத்தைக் கசக்கி எறிகிறார். கெட்ட மனிதர் என்று அவரை வைய எனக்கு மனம் வரவில்லை. போய்ச் சேராது என்று அறிந்த கடிதத்துக்குத் தபால்தலை ஒட்டுவது அவர் தொழில் அல்ல. கோனி ஐலண்டில் விலாசம் சொன்ன பையன் வீடு சேர்ந்தான். பம்பாயில் விலாசம் சொல்லத் தெரியாதவன் சேரவில்லை. இரண்டு படங்களுக்கும் உள்ள தூரத்தை அளக்க வேறு கருவி வேண்டாம்.

சாய்பாவாக நடித்த ஷஃபீக் சையத், பெங்களூரிலிருந்து ஓடிவந்து பம்பாய்த் தெருவில் வாழ்ந்துகொண்டிருந்த சிறுவன். தெருப் பிள்ளைகளைத் திரட்டிப் பாரி ஜான் என்ற நாடக டைரக்டரைக் கொண்டு மீரா நாயர் பயிற்சி கொடுத்ததில் தேறி வந்தவர்களில் அவர் ஒருவர். சிறந்த குழந்தை நடிகருக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. பிற்காலத்தில் சொந்த ஊருக்குத் திரும்பி ஆட்டோ ஓட்டிக் கௌரவமாகப் பிழைத்தார் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த எழுத்தில் சில, ஆட்டோ ஓட்டுவது ஏதோ அவமானம் என்ற தோரணையில் இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது: படம் முடிந்தபின் பிள்ளை என்ன ஆனான்? மீரா நாயர் அந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கவில்லை. தெருப் பிள்ளைகளுக்கு உறைவிடமும் படிப்பும் கொடுக்கும் சலாம் பாலக் டிரஸ்ட் அந்தப் படத்திலிருந்தே பிறந்து இன்றும் நடந்துவருகிறது. ஒரு ஸ்தாபனத்தை உண்டாக்கிய படங்கள் உலகத்திலேயே சிலதான் இருக்கும். அப்படியிருந்தும் தனித்தனியாக ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு படம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பது தீராத வழக்காகத்தான் நிற்கிறது.

முடிவை எப்படி அமைப்பது, பையன் வீடு திரும்பலாமா கூடாதா என்று உங்களில் ஒருவர் கூட்டம் ஆரம்பிப்பதற்கு முன் என்னைக் கேட்டார். திரும்பட்டும், திரும்பாமற் போகட்டும். நடுவில் அவன் செலவழித்த ஒவ்வொரு காசும் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், முடிவு தானாக அமையும் என்பது என் அபிப்பிராயம். திரைக்கதை நோட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, அவன் கையில் முதலில் இருந்தது எவ்வளவு, டிக்கெட்டுக்குப் போனது எவ்வளவு, டீக்கடையில் கொடுத்தது எவ்வளவு, யார் ஏமாற்றிப் பறித்தது எவ்வளவு என்று மளிகைக் கணக்கு எழுதுங்கள். கணக்கு இடிக்கிற இடத்தில் கதையும் இடிக்கும்.

கணக்கு என்று வந்தபின் உங்கள் சொந்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பிளாட்பாரத்தில் திரியும் நிஜமான பையன் ஒருவனையே கண்டுபிடித்து நடிக்கவைக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். மீரா நாயர் செய்தாரே என்பீர்கள். அந்தக் காலத்துச் சட்டம் வேறு. 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை ஒருவன் கண்ணில் பட்டால் பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அவனைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோய் நிறுத்தவேண்டும். அதற்கு அப்புறந்தான் கேமராவின் முன். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை நடிக்கவைக்க 2017-ஆம் வருஷத்துக் குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி ஜில்லா கலெக்டரின் அனுமதி வேண்டும். பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேலும், இடையே ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. அவன் சம்பாத்தியத்தில் 20 சதவீதத்துக்குக் குறையாமல் தேசியமயமான பாங்கியில் அவன் பெயரிலேயே நிரந்தர வைப்பாகப் போடவேண்டும், மேஜரானபின் அவன் எடுத்துக்கொள்வான். ஓடிவந்த பிள்ளைக்குப் பெற்றோர் கையெழுத்தை எங்கே போய் வாங்குவீர்கள்? அவன் ஊரும் பேரும் நிஜமாகவே சொல்வானா? நலக் குழுவினர் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் உங்கள் கதாநாயகன் யார்? இதற்கெல்லாம் என்னிடம் பதில் இல்லை. செயலாளர் கலெக்டர் ஆபீஸில் விண்ணப்பத் தாளை வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னார். கேமரா வாடகைக்கு அச்சாரம் கொடுப்பதற்கு முன் அதைப் பூர்த்தி செய்ய உட்காருங்கள், பாங்கிக் கணக்கு விவரத்துக்கான இடத்தை முதலில் நிரப்புங்கள்.